காந்தம் ஒட்டாத எல்போ

என் கையெழுத்து மோசம். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்று குழாய் வேலைக்குப் போனவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சுவரில் பென்சிலால் போடும் அளவுக் குறிகள்தான். என் தாள்களை வாசித்துத் திருத்தி அச்சுக்குக் கொடுக்கிறவரிடம் ஒவ்வொரு வாரமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வேறு எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் மொட்டைமாடித் தொட்டிக்குள் குடும்பம் நடத்திய தவளைகளைப் பற்றி எழுதினேன். சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரம் ஓர் எல்போவைப் பற்றி எழுதுகிறேன். எல்போ என்பது குழாய் திரும்புகிற இடத்தில் மாட்டும் வளைவு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அதை ஒரு வீட்டுச் சுவருக்குள் வைத்துப் பூசினேன். அந்த வீட்டில் இருந்த பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்குப் பல வருடங்கள் ஆயின.

ஒரு சொம்பு வெந்நீர்

அது ஒரு மார்கழி. காலையில் போன் வந்தது. எம். புதுப்பட்டியிலிருந்து பேச்சியம்மாள். அவள் கணவர் மாரியப்பனை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அதனால் இவள் எனக்கு மதினி.

"தங்கராசுத் தம்பிதான? பின்வாசக் குழாயில வெந்நி வருது தம்பி."

"டேங்க் வெயில்ல காஞ்சிருக்கும் மதினி."

"மார்கழியில எங்கன வெயிலு? விடியக்காலம் பிடிச்சேன். ஒரு சொம்பு வெதுவெதுன்னு வருது. பெறவு பச்சத் தண்ணி."

வெந்நீர் போடும் இயந்திரம் எதுவும் அந்த வீட்டில் கிடையாது. குழாய் வேலை முழுக்க நான் செய்ததுதான். சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவள் வீடு ஊரின் கடைசித் தெருவில் இருக்கிறது. அதற்குப் பின்னால் பொட்டல்தான். வாசலில் அடுத்த வீட்டுக் குருவம்மா நின்றிருந்தாள். தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறவள், அன்றைக்கு விடுப்பு. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்துவிட்டாள்.

"வாங்க கொழுந்தரே. மதினிக்கு மட்டும் வெந்நிக் குழாய் போட்டுக் குடுத்திருக்கீக. நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

எனக்குப் பெண்களிடம் பதில் பேச வராது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

பின்வாசல் சுவர் வடக்குப் பார்த்தது. பக்கத்து வீட்டு மாடி நிழல் நாள் முழுக்க அதன் மேல் விழும். மார்கழியில் அந்தச் சுவர் வெயிலைப் பார்க்காது. அதில் இடுப்பு உயரத்தில் குழாய். குழாய்க்குக் கீழே துவைக்கிற கல். குழாயைத் திறந்து தண்ணீரைக் கையில் வாங்கினேன். சூடு என்று சொல்ல முடியாது. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒரு சொம்பு போனதும் குளிர்ந்த தண்ணீர் வந்தது.

அப்புறம் சுவரில் கையை வைத்தேன். சுவரும் சுட்டது. எடுத்துவிட்டேன்.

"தெரியுதா தம்பி?" என்று கேட்டாள் மதினி. அவள் முகத்தில் பயம் இல்லை. புது நகையைக் காட்டுகிறவள் முகம்போல் இருந்தது. "தண்ணி இப்பத்தான் நாலு நாளா. செவரு புரட்டாசியில இருந்தே இப்பிடித்தான் இருக்கு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் அந்தக் கல்லுல உக்காந்து முதுகச் சாச்சுக்கிடுவேன். அவுக சாஞ்சிருக்க மாதிரியே இருக்கும்."

மாரியப்பன் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது.

இரும்பு ஆகாத வீடு

அவரைப் பற்றிச் சொல்லாமல் அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். எங்கள் பக்கம் பட்டாசுக்குள் போகிற பொடியை மருந்து என்றுதான் சொல்வோம். வேலை செய்கிறவர்களிலேயே அதிகக் கவனம் தேவைப்படுவது அவருக்குத்தான். சல்லடையில் சலித்த பொடிக்கு மேலாக ஒரு காந்தத்தைக் கொண்டுபோவார். ஓர் இரும்புத் துணுக்கு கிடந்து உரசினாலும் பொறி தட்டும். பொறி தட்டினால் அறை இருக்காது. அந்தக் காந்தத்தை இடுப்புக் கயிற்றிலேயே கட்டியிருப்பார்.

அந்தக் கம்பெனிக்கு நானும் ஒருமுறை குழாய் வேலைக்குப் போயிருக்கிறேன். வாசலிலேயே என் ரெஞ்சு, சுத்தியல், உளி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். செருப்பையும் கழற்றச் சொன்னார்கள். அறை வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். ஒரு பித்தளை ரெஞ்சைக் கையில் கொடுத்து, "மெதுவாச் செய்யி. கீழ போட்டுறாத" என்றார் மாரியப்பன். அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது.

அன்று இன்னொன்றும் சொன்னார். "மருந்துல ஈரம் பட்டுச்சுன்னா சூடு ஏறும். ஆட்டுக்கிடை மாதிரி ஒரு வாடை வரும், கண்ணக் கரிக்கும். அந்த வாடை வந்தா திரும்பிப் பாக்காத. ஓடாத. நடந்து வெளிய போ."

பிறகு அவர் சொந்தமாக வீடு கட்டினார். கம்பெனிப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வீட்டில் இரும்பே கூடாது என்றார். கதவுத் தாழ்ப்பாள் பித்தளை. படம் மாட்டுகிற ஆணி பித்தளை. குழாய் பிளாஸ்டிக்காக இருக்கலாம், ஆனால் மூலைக்கு மூலை வருகிற எல்போவும் குழாய் வாயும் பித்தளையாகத்தான் இருக்க வேண்டும் என்றார். அவருக்கு அது சாமி மாதிரி. பித்தளை பொறி தட்டாது.

கையில் எடுத்தால் தெரியும்

நல்ல சாமானை எப்படிப் பார்ப்பது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளை கனக்கும். அதே அளவு இன்னொன்றை மறு கையில் எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும். இரண்டாவது, ஒன்றோடொன்று மெதுவாகத் தட்டுங்கள். பித்தளை மணிபோல் ஒலித்து அடங்கும். மட்டமானது 'டொக்' என்று நின்றுவிடும். மூன்றாவது, உள்ளே இருக்கும் மரையின் ஓரத்தில் அரத்தால் லேசாக ஒரு கீறு. உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. மேலே மஞ்சள், உள்ளே சாம்பல் என்றால் துத்தநாக வார்ப்புக்குப் பூச்சு அடித்தது. எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் அதைச் சில வருடங்களில் தின்றுவிடும்.

குழாய் வாங்கும்போது திருகிப் பாருங்கள். முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். நடுவில் வழுக்கினால் வாங்காதீர்கள். சுவருக்குள் போகிற சாமானில் மட்டும் விலை பார்க்காதீர்கள். வெளியே இருப்பதை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். உள்ளே போனது உள்ளேதான்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும்.

சிவகாசியில் ஒரு கடை. பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கடையும் இல்லை. மாரியப்பன் என்னோடு வந்தார். கடைக்கார அண்ணாச்சி எடுத்து வைக்க வைக்க, ஒவ்வொன்றின் மேலும் காந்தத்தை வைத்துப் பார்த்தார். கடையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏம்ப்பா மாரியப்பா, பொண்ணு பாக்கப் போனப்பவும் காந்தம் வச்சுத்தான் பாத்தியா?" என்றார் அண்ணாச்சி.

"பாத்தேன் அண்ணாச்சி. ஒட்டல. அதான் கட்டிக்கிட்டேன்."

கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, பின்வாசல் சுவருக்கு வேண்டிய எல்போவை அண்ணாச்சி வேறொரு பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார். மாரியப்பன் காந்தம் வைத்தார். ஒட்டவில்லை. என் கையில் கொடுத்தார்.

லேசாக இருந்தது.

துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது. காந்தம் பொறியைத்தான் கண்டுபிடிக்கும். கசிவைக் கண்டுபிடிக்காது. மருந்து அறையில் உயிரைக் காப்பாற்றுகிற சோதனையை அவர் குழாய்க் கடையில் செய்துகொண்டிருந்தார். என் பையில் அரம் இருந்தது. ஒரு கீறு போட்டிருந்தால் போதும். அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேருக்கு முன்னால் அவர் சரக்கைக் கீறிக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

"அண்ணே, இது கொஞ்சம்..." என்று மாரியப்பனிடம் இழுத்தேன்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லண்ணே."

அந்த வாரமே அதைச் சுவருக்குள் வைத்து சிமெண்டு பூசினேன்.

வேனில் சாய்ந்தவர்

அவர் போனது வெடியில் இல்லை. அத்தனை வருடம் மருந்தோடு இருந்த மனிதருக்கு ஒரு தீக்காயத் தழும்புகூடக் கிடையாது.

கம்பெனி வேனில் சாயங்காலம் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்று விட்டுவிட்டார்கள். ஊர் வந்து எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவர் எழுப்பியிருக்கிறார். நெஞ்சு நின்று எவ்வளவு நேரம் ஆகியிருந்ததோ, தெரியாது. அவர் தோளில் சாய்ந்து இன்னொருத்தர் நிஜமாகவே தூங்கிக்கொண்டு வந்திருந்தாராம். உடம்பில் அப்போதும் சூடு இருந்ததாகச் சொன்னார்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் பின்வாசல் குழாயில்தான் கைகால் கழுவுவார். மருந்தில் கலக்கிற வெள்ளிப் பொடி தண்ணீரோடு மினுங்கிக்கொண்டு ஓடும். பிறகு அந்தக் கல்லில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்ப்பார். மதினி காப்பி கொண்டுவந்து கொடுப்பாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய அறை. அவர் சாமான்களையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். வருடம் திரும்பிப் படையல் போடுகிற வரைக்கும் போனவர் பொருளைத் தொடக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த அறைக்குள் என்ன இருந்தது என்று மதினிக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோயிலில் வேட்டுப் போடுவதாக அவருக்கு நேர்ச்சை உண்டு. ஒவ்வொரு வருடமும் அவரே செய்து கொண்டுபோவார். சட்டப்படி தப்பு. ஊருக்கே தெரியும், யாரும் பேசுவதில்லை.

வாடை

அந்த மார்கழிக் காலைக்குத் திரும்பி வருகிறேன்.

சுவரிலிருந்து கையை எடுத்த பிறகு காதை வைத்துக் கேட்டேன். சுவருக்குள் குழாய் கசிந்தால் ஒரு சத்தம் வரும். தூரத்தில் யாரோ 'உஸ்' என்று மூச்சு விடுவதுபோல. அது கேட்டது. அதற்கும் உள்ளே, பூட்டிய அறைக்குள், சொட்டு விழுகிற சத்தம். மண்ணில் விழுகிற சொட்டு இல்லை. பாத்திர விளிம்பில் விழுகிற சொட்டு.

எனக்கு எல்போ ஞாபகம் வந்தது. அந்த லேசான கனம் உள்ளங்கையில் அப்படியே இருந்தது.

அறையின் ஜன்னல் சாத்தியிருந்தது. இடுக்கில் முகத்தை வைத்தேன். ஆட்டுக்கிடை வாடை. கண் கரித்தது.

திரும்பிப் பார்த்தேன். மதினி கல்லில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"மதினி, அறைச் சாவி இருக்கா?"

"சாவி இருக்கு. தொறக்கக் கூடாது. இன்னும் ஒம்பது நாள் இருக்கு."

"உள்ள தண்ணி ஒழுகுது."

"ஒழுகட்டும் தம்பி. ஒம்பது நாளுதான். நீங்க குழாய மட்டும் பாருங்க."

'உள்ளே மருந்து நனைகிறது, எழுந்து வாங்க' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் எல்போவைச் சொல்ல வேண்டும். உயிர் போகிற நேரத்திலும் என் நாக்கு இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

மாடிக்குப் போய்த் தொட்டியின் கேட் வால்வை மூடினேன். கீழே வந்து, கிடைத்த பொய்யைச் சொன்னேன்.

"மதினி, குருவம்மா வீட்டு வழியா அந்தக் கடைசி வேம்பு வரைக்கும் போய் நில்லுங்க. அங்கன இருந்து நம்ம டேங்குல தண்ணி வழியுதான்னு பாத்துச் சொல்லணும்."

"அம்புட்டுத் தூரத்துல இருந்தா? இங்கன இருந்தே தெரியுமே."

"அங்கன இருந்துதான் சரியாத் தெரியும். குருவம்மா மதினியையும் கூட்டிக்கிடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். எழுந்தவள் திரும்பி, சுவரை ஒரு தடவை தடவினாள். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் போகிறவள் தடவுவதுபோல.

அவள் தெருமுனை தாண்டியதும் பட்டாசுக் கம்பெனி போர்மேனுக்குப் போன் செய்தேன். அவர் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னார். தெருவில் இருந்த எல்லோரையும் வேம்புக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னேன். அன்று நான் பேசியதுபோல் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

அண்டா

போர்மேனும் தீயணைப்பு ஆட்களும் வந்து, சாவி கேட்டு நிற்காமல் பூட்டை உடைத்துத் திறந்தார்கள். வெளியே வந்த போர்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். சுவரை ஒட்டி ஒரு பித்தளை அண்டா, சாக்குப் போட்டு மூடியது. சாக்கு நனைந்திருக்கிறது. அதிலிருந்து மெல்ல ஆவி போகிறது. அண்டாவுக்கு மேலே சுவரில் ஒரு பித்தளை ஆணி, அதில் அந்தக் காந்தம்.

இரும்பு ஆகாது என்று பித்தளை அண்டாவில் வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் யோசித்த மனிதர் பக்கத்துச் சுவருக்குள் தண்ணீர் ஓடுவதை யோசிக்கவில்லை. என்னை நம்பியிருந்தார்.

இரண்டு பேர் அண்டா வளையங்களில் நீளமான மூங்கிலைக் கொடுத்துத் தூக்கினார்கள். அவர்களும் ஓடவில்லை, நடந்தார்கள். பொட்டலில் இருந்த பள்ளத்தில் இறக்கிவிட்டு வெகுதூரம் தள்ளி வந்துவிட்டார்கள். நாங்கள் வேம்படியில் நின்றோம்.

சத்தம் வரவில்லை. வெளிச்சம்தான் வந்தது. பட்டப்பகலில், வெயிலையே மங்கவைத்த வெள்ளை வெளிச்சம். எங்கள் நிழல் எங்களுக்குப் பின்னால் விழுந்து, நீண்டு, மறைந்தது. அண்டாவில் மிஞ்சியது மடங்கிய ஒரு விளிம்புதான்.

மதினி அழவில்லை. "செவரு?" என்று மட்டும் கேட்டாள்.

அதிகாரிகள் வந்தார்கள், விசாரித்தார்கள். இறந்தவர் மேல் எதை எழுதுவது? மதினியிடம் கைரேகை வாங்கிக்கொண்டு போனார்கள். போகும்போது போர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கராசு, அந்தம்மா செவரு புரட்டாசியில இருந்து சுடுதுங்காக. புரட்டாசி எங்க, மார்கழி எங்க? நனைஞ்ச மருந்து மூணு மாசம் தாங்காது. ஒண்ணு அன்னைக்கே போயிருக்கணும். இல்ல ஆறியிருக்கணும். எனக்கு ஒண்ணும் புரியல."

"தண்ணி நாலு நாளாத்தான் வெதுவெதுன்னு வருதாம்" என்றேன்.

"அது கணக்குச் சரி. செவரு?"

எனக்கும் தெரியவில்லை.

உப்புப் படியாத விரிசல்

மறுநாள் சுவரை உடைத்து எல்போவை எடுத்தேன். பூச்சு உரிந்து சாம்பல் நிறமாக இருந்தது. வளைவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

எங்கள் தண்ணீரில் கசிவு இருந்தால் பத்து நாளில் அந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். மாதக்கணக்கில் என்றால் விரிசலே தெரியாத அளவுக்கு மூடிவிடும். இந்த விரிசலில் ஒரு துளி உப்பு இல்லை. உள்பக்கம் பளபளவென்று இருந்தது. அந்த விரிசல் விட்டு நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும்.

அப்படியானால் ஐப்பசியில் அந்தச் சுவர் ஏன் சுட்டது? கார்த்திகை அடைமழையில் ஏன் சுட்டது? குருவம்மாவிடம் கேட்டேன். எப்போதும் கிண்டல் பேசுகிறவள் அன்று குரலைத் தாழ்த்தினாள். "ஐப்பசியில ஒரு நா துணி காயப்போட வந்தப்ப நானும் தொட்டேன் கொழுந்தரே. சுட்டுச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே நான் வாரதில்ல."

எல்போவை மதினி கண்ணில் படாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். புதிதாகக் கனமான பித்தளை எல்போவை, அரத்தால் கீறிப் பார்த்து வாங்கி மாட்டினேன். சுவருக்குள் வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குழாயை வெளியே ஓட்டினேன். அதற்குப் பிறகு சுவர் குளிர்ந்துவிட்டது என்று மதினி சொன்னாள். என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி சொன்னாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இம்புட்டு லேசா

அந்த எல்போ பல வருடங்கள் என் வேலைப் பையில் கிடந்தது. எந்தக் கடையில் எந்தச் சாமானை எடுத்தாலும் மறு கையில் இதை வைத்துக்கொண்டு எடை பார்ப்பேன். இந்தத் தொடரை எழுத ஆரம்பித்த பிறகு, அதை எழுதாமல் மற்றதை எழுதுவது திருட்டு மாதிரி இருந்தது. அவளிடம் சொல்லாமல் எழுதுவது அதைவிடப் பெரிய திருட்டு.

இந்த மார்கழியில் ஒரு காலை எம். புதுப்பட்டிக்குப் போனேன். மதினி வாசலில் உட்கார்ந்து காலண்டர் தாள்களை மாதவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது அதுதான் அவளுக்கு வேலை. சீசன் நேரம்; சிவகாசியிலிருந்து லோடு லோடாக வந்து இறங்கும். பூட்டிக் கிடந்த அந்த அறை முழுக்க அடுத்த வருடம்.

எல்போவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"என்ன தம்பி இது?"

"அந்தச் சுவத்துக்குள்ள இருந்தது மதினி."

அவள் கையில் எடுத்தாள். மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள். குழாய் வேலை தெரியாதவள். ஆனாலும் முதல் வார்த்தை அதுதான் வந்தது.

"இம்புட்டு லேசா இருக்கு."

"ஆமா மதினி. கடையில கையில வாங்குனப்பவே எனக்குத் தெரியும். அண்ணன்கிட்டச் சொல்லல. உங்ககிட்டயும் சொல்லல."

அவள் தாள்களை அடுக்குவதை நிறுத்தவில்லை. மாசி, பங்குனி, சித்திரை என்று கை தானாகப் போய்க்கொண்டிருந்தது.

"அவுக காந்தம் வச்சுப் பாத்தாகளா?"

"பாத்தாக. ஒட்டல."

இன்னும் நாலைந்து தாள் அடுக்கினாள்.

"அன்னைக்கு நானும் அந்தக் கல்லுலயே போயிருந்தேன்னா, யாருகிட்ட வந்து இதச் சொல்லியிருப்பீக?"

குரலை உயர்த்தவில்லை. நான் எல்போவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையிலிருந்த தாளை வைத்துவிட்டு எழுந்து, "வாங்க" என்றாள். அறை வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். காலண்டர் கட்டுகளைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. சுவரை ஒட்டி எதுவும் இல்லை. ஆணியில் காந்தம் மட்டும் தொங்கியது. பின்வாசலில் நான் வெளியே ஓட்டிய குழாய் காய்ந்திருந்தது, ஒரு சொட்டுக் கசிவு இல்லை. நிழல் முழுச் சுவரிலும் விழுந்திருந்தது. தரையில் பனி ஈரம்.

"கைய வைங்க."

வைத்தேன்.

"திரும்பச் சூடு வந்திருக்கா தம்பி?" என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "நான் யாருகிட்டயும் கேக்கல. உங்களுக்குத்தான் குழாயி, செவரு எல்லாம் தெரியும். உள்ளதச் சொல்லுங்க."

உள்ளங்கையை எடுக்காமலே நின்றேன்.

"ஒண்ணுமில்ல மதினி" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். கிளம்பும்போது, அச்சுத் தவறிய காலண்டர் தாள்களை ஒரு கட்டாகக் கட்டி, "பின்பக்கம் வெள்ளையா இருக்கு. எழுதுறதுக்கு ஆகும்" என்று கொடுத்தாள். எல்போவைத் திருப்பித் தரவில்லை.

அந்தத் தாளில்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையை வாராவாரம் குருவம்மா அவளுக்கு வாசித்துக் காட்டுவாள் என்று தெரியும். அதனால் இரண்டாவது தடவையும் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

மதினி, சுவர் சூடாகத்தான் இருந்தது. வேன் டிரைவர் எழுப்பிய அன்றைக்குத் தகவல் கேட்டு ஓடிவந்து அண்ணன் கையை நானும் பிடித்துப் பார்த்தேன். அதே சூடு.

தாளைத் திருப்பினால் இன்னும் வராத ஒரு பங்குனி அச்சாகியிருக்கிறது. நான் எழுதி முடித்த நாள்: மார்கழி பதினொன்று, விடியற்காலை.